வீட்டு நூலகம்: புதுக்கோட்டையின் சேகரிப்பும் யாழ்ப்பாணத்தின் பதிவும்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர். கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தவர், 1880களின் பிற்பகுதியில் எங்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு நீதிபதியாக வந்தார். அப்போது சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தார். வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887, சூளாமணி 1889 என்று அவர் பதிப்பித்த நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பகலில் வழக்குக் கட்டும் இரவில் ஏட்டுச்சுவடியுமாக வாழ்ந்த ஒரு மனிதர் தெரிகிறார். கடலின் இரண்டு கரைகளிலும் ஏடு தேடியவர் அவர். தொட்டால் உதிரும் ஏடுகளைக் கண்டு பட்ட வேதனையைத் தம் பதிப்புரைகளிலேயே எழுதிவைத்தார்.

அந்தப் பதிப்புரைகளை ப. சரவணன் தொகுத்து, காலச்சுவடு வெளியிட்ட ‘தாமோதரம்’ என்ற நூல் அண்மையில் என் அலமாரிக்கு வந்தது. அதோடு வந்தவை மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’, என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’ தொகுதி ஒன்று, யாழ்ப்பாணத்து நண்பர் அனுப்பிய ஒரு நினைவு மலர். நான்கும் இலங்கையோடு தொடர்புடையவை. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது ஒரு கேள்வி விடாமல் கூடவே வந்தது. வீட்டில் நூலகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டு நாட்டுத் தமிழரிடமும் இருக்கிறது. புத்தகத்தின் மீதுள்ள பற்றிலும் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். அப்படியிருந்தும் வழக்கம் இவ்வளவு வேறுபட்டிருப்பது ஏன்?

நான் கண்ட விடை இது: புதுக்கோட்டை புத்தகத்தைச் சேர்க்கக் கற்றுக்கொண்டது, யாழ்ப்பாணம் புத்தகத்தைப் பதிந்துவைக்கக் கற்றுக்கொண்டது. இரண்டும் சேராமல் எந்த வீட்டு நூலகமும் முழுமை பெறாது.

புத்தகம் வீட்டுக்கு வரும் வழி

எங்கள் பக்கம் புத்தகம் வாங்குவதற்கென்று ஒரு பருவமே உண்டு. சென்னையில் 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. மாவட்டங்களில் அரசும் அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் புத்தகத் திருவிழாக்கள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி மைதானத்தில் கொட்டகை போட்டுத் திருவிழா நடக்கும் நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். மாலையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேரும். பத்து சதவீதத் தள்ளுபடிக்காக ஆண்டு முழுதும் காத்திருந்து, எழுதிவைத்த சீட்டோடு வந்து, பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இங்கே நிறைய. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைப் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு மலிவு விலையில் தருகின்றன.

இந்த மலிவு விலைக்குப் பின்னால் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. ராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன் 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். அன்று பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் தமிழ்ப் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் அதே ராயவரம்தான். பொன்னமராவதிக்கு அருகே மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தொடங்கித் தமிழ் வளர்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே கொடுத்தது. அந்தத் தாய்மாரின் பிள்ளைகள்தான் இன்று திருவிழாவில் பை தூக்குகிறார்கள். புதுக்கோட்டை வீடுகளில் புத்தகம் பெருகியதற்கு இத்தனை கைகள் காரணம்.

இலங்கையில் வழி வேறு. அங்கே ஒரு தமிழ் நூல் பெரும்பாலும் ஐந்நூறு பிரதி அச்சாகிறது. சில நூல்கள் முந்நூறோடு நின்றுவிடுகின்றன. எழுதியவரே பணம் போட்டு, அச்சகத்துக்கு நடந்து, கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின் ஆணையை எதிர்பார்த்துப் பதிப்பகங்கள் அச்சிடுவதுபோல் அங்கே பெரிதாக நம்பிக்கொள்ள ஏதுமில்லை. அதனால் வெளியீட்டு விழாதான் விற்பனை மையம். மேடையில் ஒருவர் முதற்பிரதி பெறுவார். அதன்பின் சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்கள் அழைக்கப்படும். ஒவ்வொருவரும் ஏறிவந்து, பணம் வைத்த உறையைக் கொடுத்து நூலை வாங்குவார்கள். உறைக்குள் இருப்பது நூலின் விலை மட்டுமன்று, எழுதியவருக்கு ஊர் கொடுக்கும் தோள். கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஆண்டுக்கணக்காக முதற்பிரதிகளைப் பெற்றுவந்த புரவலர் ஹாசிம் உமரை இலங்கை எழுத்தாளர் அனைவரும் அறிவர். அடுத்த நூலை எழுத்தாளர் அச்சிட முடிவதே இந்த உறைகளால்தான்.

தமிழ்நாட்டு விழாக்களில் இப்படி இல்லை. மேடையில் இருப்பவர்களுக்கு நூல் இலவசமாகப் போகிறது. கீழே இருப்பவர்களில் வாங்குவோர் சிலர். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் நல்ல வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஆனாலும் எழுத்தாளரிடம் காசு கொடுத்து வாங்குவதை ஒரு மரியாதையாகக் கருதும் பண்பை நாம் இலங்கையிடமிருந்துதான் கற்க வேண்டும்.

தமிழ்நாட்டு நூல் இலங்கைக்குப் போகும்போது விலை பல மடங்காகிறது. நாணய மாற்றும் கப்பல் செலவும் சேர்ந்து, இங்கே ஒரு மாணவர் யோசிக்காமல் வாங்கும் நூலை அங்கே ஓர் ஆசிரியர் இரண்டு முறை யோசித்தே எடுப்பார். கொழும்பில் செப்டம்பர் தோறும் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் பெரிய புத்தகக் கண்காட்சியிலும் சிங்களமும் ஆங்கிலமுமே மிகுதி. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழக இதழ்களின் வரவு குறைந்தது. அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரங்கள் ஈழத்து நாவல்களை வீடுதோறும் கொண்டுசென்றன. வீரகேசரியை 1930இல் கொழும்பில் தொடங்கியவர் எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு ஆவணிப்பட்டியைச் சேர்ந்த சுப்பிரமணியம் செட்டியார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

முதல் பதிப்பும் நினைவு மலரும்

புதுக்கோட்டையில் வீட்டு நூலகம் என்றவுடன் ஞானாலயாதான் எவர் நாவிலும் வரும். திருக்கோகர்ணம் பழனியப்பா நகரில் இருக்கிறது. ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் கல்லூரிப் பேராசிரியராக இருந்த டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தங்கள் சம்பளத்தில் சேர்த்த நூல்களுக்கு, தங்கள் பணத்திலேயே கட்டடமும் எழுப்பி, 1999இல் ஆய்வு நூலகமாக்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உண்டு. அரிய முதல் பதிப்புகள், நின்றுபோன இதழ்களின் தொகுப்புகள், எழுத்தாளர்களின் கடிதங்கள் என்று தேடிவரும் ஆய்வாளர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இரண்டு பேர் சம்பளத்தில் இவ்வளவு முடியுமா என்று வியப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு குடும்பம் நகை, நிலம், வசதி இவற்றுக்கு முன்னால் புத்தகத்தை வைத்தது என்பதே அதன் பொருள்.

முதல் பதிப்புக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? பின்வரும் பதிப்புகளில் முன்னுரை விடுபடும், சமர்ப்பணம் மறையும், ஆசிரியரே சில வரிகளை மாற்றியிருப்பார், அச்சுப்பிழை மூலபாடமாகவே நிலைத்துவிடும். முதல் பதிப்பு கையில் இருந்தால்தான் எது எப்போது மாறியது என்று சொல்ல முடியும். பழுப்பேறிய ஒரு பிரதிக்காக ஊர் ஊராக அலைந்தவர்களின் பிடிவாதத்தில் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் பாதி பிழைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியில் நாம் காணும் சிறப்பான பொருள் வேறொன்று: நினைவு மலர். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடக்கும்போது, வந்தவர்களுக்கு ஒரு சிறுநூல் கொடுப்பார்கள். பழையவர்கள் இதைக் கல்வெட்டு என்பார்கள். நண்பர் அனுப்பிய மலரை முன்னால் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அட்டையில் மறைந்தவரின் படமும் தோன்றிய, மறைந்த தேதிகளும். உள்ளே முதல் பக்கத்தில் இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கடியில் அடக்கிய திதி வெண்பா. அடுத்துத் தேவாரம், திருவாசகம், சிவபுராணம். பிறகு வாழ்க்கை வரலாறு: பிறந்த ஊர், படித்த பள்ளி, பணியாற்றிய இடங்கள், இடம்பெயர்ந்த ஆண்டுகள். கடைசியில் வம்சாவளி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் அதில் தெரிகிறது. சில குடும்பங்கள் இதோடு நிற்காமல், கிடைக்காத பழைய நூலொன்றை மறுபதிப்பாக்கி நினைவு வெளியீடாகத் தருவதும் உண்டு.

விலை இல்லாத, கடைக்கு வராத இந்தச் சிறுநூலை ஊர் வரலாறு எழுதுபவர் விலைமதிப்பற்றதாகக் கருதுகிறார். பள்ளிக்கூடம், கோயில், தொழில், புலம்பெயர்வு எல்லாவற்றுக்கும் ஆண்டும் பெயரும் அதில் கிடைக்கின்றன. நமது பக்கம் மணிவிழாவிலும் சதாபிஷேகத்திலும் அபிராமி அந்தாதியோ கவசமோ அச்சிட்டுக் கொடுக்கிறோம். நகரத்தார் வீடுகளில் விழா மலர்களும் வருகின்றன. அவற்றில் அந்தக் குடும்பத்தின் கதையை எழுதுகிறவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு அவற்றை நூலாகக் கருதிப் பாதுகாப்பவர்கள் அதனினும் குறைவு. யாழ்ப்பாணத்தவர் நினைவு மலரை அலுமாரியில் அடுக்குகிறார்கள். நாம் விழா மலரைப் பூஜை அறையில் வைத்து மறந்துவிடுகிறோம்.

கரையானும் தீயும்

புத்தகத்துக்கு இங்கே பகை எது, அங்கே பகை எது என்று பார்த்தால்தான் இந்த வேறுபாட்டின் காரணம் விளங்கும்.

புதுக்கோட்டையில் பகை மெல்ல வருகிறது. சுவரலமாரியின் பின்பக்கத்தில் கரையான் மண்கோடு போடும். இராமபாணப் பூச்சி தாளில் ஊசித்துளை இடும். பரணில் ஏற்றிய கட்டுகள் வெக்கையில் மொறுமொறுத்துப் போகும். வசம்பும் நொச்சியும் வேப்பிலையும் வைப்பவர்கள் வைக்கிறார்கள். அந்துருண்டை போடுபவர்கள் போடுகிறார்கள். இவற்றைவிடப் பெரிய பகை பழைய பேப்பர் தராசு. வாசித்தவர் கண்ணை மூடியதும், வீட்டை ஒழிக்கும்போது, கிலோ இத்தனை ரூபாய் என்று மூட்டை வெளியேறுகிறது. யாரும் வெறுத்துச் செய்வதில்லை. எது அரியது, எது எங்கும் கிடைப்பது என்று சொல்ல ஆளில்லாததால் எல்லாம் ஒரே எடையில் போகின்றன.

இலங்கையில் பகை ஓர் இரவில் வந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையே ஒரு வீட்டில் தொடங்கியது. க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டில் நூல்களை வைத்து மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் கைகொடுக்க, 1934 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. 1959இல் அழகிய சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் தேதி தொடங்கிய வன்முறையில், ஜூன் முதல் நாள் இரவு அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பக் கிடைக்காத ஏடுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் தீக்கிரையாயின. வீட்டிலிருந்து புறப்பட்டுப் பொதுச் சொத்தாக வளர்ந்த ஒன்று ஓர் இரவில் இல்லாமற்போனதைக் கண்ட சமூகம் அது.

வீட்டு நூலகங்களும் தப்பவில்லை. 1995 அக்டோபர் இறுதியில், போர் நெருங்கியதால், யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். கையில் குழந்தை, சைக்கிளில் அரிசி, தலையில் உடுப்பு மூட்டை என்று போகிறவர் அலுமாரியை எப்படித் தூக்குவார்? திரும்பி வந்தபோது பலருக்குக் கூரையே இல்லை. வன்னியில் நடந்த இறுதிப்போர் மிஞ்சியதையும் கொண்டுபோயிற்று.

தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்தின் நிலைமை வேறு. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறை. அதில் அடுப்பும் படுக்கையும் போக அலமாரிக்கு இடம் ஏது? அந்த மக்களின் ஆரம்ப கால அச்சுச் சுவடுகளை, தோட்டத்துரைமார் தொழிலாளரோடு பேசுவதற்கென்று அச்சிட்ட கையேடுகள் உட்பட, நித்தியானந்தன் தேடியெடுத்து ஆராய்ந்த நூல்தான் 2014இல் க்ரியா வெளியிட்ட ‘கூலித்தமிழ்’. எங்கள் ஊர்களிலிருந்து போனவர்களின் கதையை எந்த வீட்டு அலமாரியும் காக்கவில்லை. ஓர் ஆய்வாளரின் அலைச்சல் காத்தது. இந்த நூல் புதுக்கோட்டை வீடுகளில் இருந்தே ஆக வேண்டும்.

இழந்தவர்கள் போட்ட பட்டியல்

பொருளைக் காப்பாற்ற முடியாதவர்கள் அதன் பதிவைக் காப்பாற்றினார்கள். நூலகராக எவ்லின் இரத்தினம் நிறுவனத்தில் பணியாற்றிய என். செல்வராஜா, புலம்பெயர்ந்து இங்கிலாந்தில் இருந்தபடி ‘நூல்தேட்டம்’ என்ற நூல்விவரப் பட்டியலைத் தொடங்கினார். 2002இல் முதல் தொகுதி. ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். ஈழத்தவர் எழுதிய நூல் உலகில் எங்கே அச்சானாலும் அதற்கு அதில் ஓர் இடம் உண்டு. பதிவு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்: நூலின் பெயர், ஆசிரியர், வெளியான ஊர், வெளியிட்டவர், எத்தனையாம் பதிப்பு, எந்த ஆண்டு, எந்த மாதம், அடைப்புக்குள் அச்சிட்ட அச்சகம், பக்கம், விலை, சென்டிமீட்டரில் அளவு, அதன்பின் உள்ளடக்கம் பற்றிச் சில வரிகள். அச்சகத்தின் பெயரையும் அளவையும் எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும். புத்தகமே இல்லாமற்போனாலும், இப்படி ஒன்று இருந்தது, இந்த அச்சகத்தில் அச்சானது, இவ்வளவு பெரியது என்று அறுதியிட்டுச் சொல்ல அது வேண்டும். எரிந்ததைக் கண்டவரின் பட்டியல் அது.

கண்டியில் வாழ்ந்த குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளைத் திரட்டி நுண்படமாக்கினார். இ. பத்மநாப ஐயர் பல பத்தாண்டுகளாக ஈழத்து நூல்களைத் தமிழகத்துக்கும் தமிழக நூல்களை ஈழத்துக்கும் கொண்டுசேர்த்தார். அந்த உழைப்புக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2004இல் இயல் விருது வழங்கியது. 2005இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய நூலகம் திட்டம், தனியார் சேகரிப்புகளிலிருந்தும் நூல்களைப் பெற்று மின்வடிவாக்கி, எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. நினைவு மலர்களுக்கும் பாடசாலை மலர்களுக்கும் அங்கே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. சிறியது என்று எதையும் தள்ளாமல் எல்லாவற்றையும் பதிந்திருப்பதுதான் அந்த உழைப்பின் மேன்மை.

தமிழ்நாட்டில் இப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இணையத்தில் தமிழுக்கு முன்னோடி. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் திரட்டிய பெருஞ்சேகரிப்பு, 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய், 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அவையெல்லாம் பெருமுயற்சிகள். நான் பேசுவது சாதாரண வாசகரின் வீட்டைப் பற்றி. ஐந்நூறு நூல் வைத்திருக்கும் புதுக்கோட்டை வாசகரிடம் ஐந்நூறுக்கும் ஒரு பட்டியல் கேட்டால், எல்லாம் மனதில் இருக்கிறது என்பார். மனதில் இருப்பது அவரோடு போய்விடும்.

இரண்டையும் சேர்த்து

ஒப்பிட்டுப் பார்த்தபின் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைத் தேடி வாங்கும் விரிவிலும், மூலப்பிரதியைப் போற்றும் பண்பிலும் புதுக்கோட்டை முன்னால் நிற்கிறது. எழுத்தாளரைத் தாங்குவதிலும், சிறு வெளியீட்டை மதிப்பதிலும், எல்லாவற்றையும் எழுதிவைப்பதிலும் இலங்கை முன்னால் நிற்கிறது. எது மேல் என்று கேட்டால், பதிவே மேல் என்பேன். தொலைந்த புத்தகத்தைப் பட்டியலைக் கொண்டு தேடலாம். பட்டியலே இல்லாத புத்தகம் தொலைந்தது என்பதுகூட யாருக்கும் தெரியாது.

இலங்கை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மின்வடிவம் வந்துவிட்டது என்று தாள்பிரதியைக் கைவிட வேண்டாம். நூற்கட்டும் அட்டையும் ஓரத்தில் ஒருவர் பென்சிலில் எழுதிய குறிப்பும் திரையில் முழுதாக வராது. முந்நூறு பிரதி அச்சான ஒரு நூலில் இரண்டாவது ஒரு பிரதியைக் கடல் கடந்து ஞானாலயா போன்ற ஓரிடத்துக்கு அனுப்பிவைத்தால், ஒரு கரையில் இடர் வந்தாலும் மறுகரையில் அது இருக்கும்.

எங்கள் ஊர் வாசகருக்கு நான் சொல்வது எளிதான வேலை. இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். கோடு போட்டு, வரிசை எண், நூல், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பும் ஆண்டும், விலை, எங்கே யாரிடம் பெற்றது, எந்தத் தட்டில் இருக்கிறது என்று எட்டுப் பத்தி பிரியுங்கள். புதிதாக ஒரு நூல் வீட்டுக்கு வந்தால், அட்டை போடுவதற்கு முன் அதை நோட்டில் ஏற்றுங்கள். இரவல் கொடுத்தால் ஓரத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். பழைய நூல்களுக்கு ஒரு ஞாயிறு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் சில மாதங்களில் முடிந்துவிடும். உங்கள் வீட்டு மணிவிழா மலர், ஊர்க் கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், சின்னப் பதிப்பகத்தின் கவிதைத் தொகுப்பு இவற்றை முதலில் எழுதுங்கள். வேறெங்கும் கிடைக்காதவை அவைதாம். அவற்றைக் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

இன்னொன்று, சொல்லத் தயங்குவது. நமக்குப் பின் இந்தப் புத்தகங்கள் யாருக்கு என்பதை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். மகளுக்கு வேண்டும் என்றால் மகளுக்கு; கிளை நூலகத்துக்கு என்றால் கிளை நூலகத்துக்கு; கல்லூரிக்கு என்றால் கல்லூரிக்கு. வீட்டாரைக் கூப்பிட்டு அதைப் படித்தும் காட்டிவிடுங்கள். நிலத்துக்கும் நகைக்கும் எழுதிவைக்கிறோம். வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த நூல்களுக்கும் ஒரு பக்கம் எழுதிவைப்போம். அடுத்த புத்தகத் திருவிழாவில் வாங்கும் நூல்களோடு ஒரு நோட்டையும் சேர்த்து வாங்குங்கள்.